ஜல்லி சிந்தும் வளைவு: செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை

காங்கோவைப் பற்றி நான் எழுதிய பதிவுக்குக் கீழே ஒருவர் போட்ட கமெண்ட்தான் இந்தப் பயணத்துக்குக் காரணம். "அவ்வளவு பெரிய நாடு, அவ்வளவு தாமிரம், அவ்வளவு கோபால்ட். அப்புறமும் சோத்துக்கு அல்லாடுறானுங்கன்னா சோம்பேறிங்கன்னுதானே சார் அர்த்தம்?" அதற்கு லைக் வேறு குவிந்திருந்தது. அங்கே ஒரு சுரங்க ஊரில் நாலு வருஷம் ஜெனரேட்டர் மெக்கானிக்காக இருந்தவன் நான். இருட்டு பிரிவதற்குள் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடும் பெண்களைத் தினம் பார்த்தவன். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதில் எழுத உட்கார்ந்தால் நாகரிகமான வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. மொபைலைக் கட்டில் மேல் எறிந்துவிட்டு, நாளைக்கு ஞாயிறு, கடலையாவது பார்த்துவிட்டு வரலாம் என்று முடிவு செய்தேன். இது போன மாதம் நடந்தது.

தாம்பரத்தில் காலை ஆறரை மணி வாக்கில் மின்சார ரயில். செங்கல்பட்டுக்குப் பத்து ரூபாய்தான் டிக்கெட். ஊர் நெருங்கும்போது கொளவாய் ஏரி ஜன்னலோடு கூடவே வரும், தூங்கிவிடாதீர்கள். ஸ்டேஷன் வாசலில் நாஸ்தா, இட்லி வடை காபி எல்லாம் சேர்த்து எழுபது ரூபாய். அங்கிருந்து திருக்கழுக்குன்றம் பதினாலு கிலோமீட்டர், அதற்கப்புறம் மாமல்லபுரம் இன்னொரு பதினைந்து. பஸ் இருக்கிறது, மலிவுதான். ஆனால் நினைத்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதற்காக ஆட்டோ பிடித்தேன். நாள் முழுக்க ஆயிரத்து அறுநூறு கேட்டார், ஆயிரத்து நானூறுக்கு வந்தார்.

ஓட்டுநர் பெயர் தேவராஜ். நாற்பது வயதிருக்கும். கண்ணாடியில் ஒரு ஜெபமாலை தொங்கியது. அப்பா அம்மா காலம் முழுக்க அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள், சொந்தமாக வண்டி என்று வைத்தது குடும்பத்தில் இவர்தான் முதல் ஆள். இதையெல்லாம் முதல் சிக்னலுக்குள்ளேயே சொல்லிவிட்டார். நல்ல உற்சாகத்தில் இருந்தார். சிறுசேரியில் ஐடி ஆட்களை ஏற்றி இறக்கும் ஷட்டில் வேனுக்கு அவரை எடுத்துக்கொண்டார்களாம். மாதச் சம்பளம், பி.எஃப் பிடித்தம், ஞாயிறு லீவு. வருகிற ஒண்ணாம் தேதி சேர வேண்டும். போலீஸ் சர்ட்டிபிகேட் மட்டும்தான் பாக்கி என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது.

திருக்கழுக்குன்றத்துக்கு முன்னால் ஒரு வளைவு, அதில் ரோடு நடுவே ஒரு பள்ளம். எங்களுக்கு முன்னே போன டிப்பர் லாரி தார்ப்பாய் மூடாமல், கோபுரம் மாதிரி ஜல்லி ஏற்றிக்கொண்டு, அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறியது. ஒரு கூடை ஜல்லி ரோட்டில் கொட்டிற்று. பின்னால் வந்த பைக் சறுக்கியது. கணவன், மனைவி, நடுவில் ஒரு குழந்தை. எப்படியோ காலை ஊன்றித் தப்பித்தார்கள். லாரி நிற்கவே இல்லை. நான் கெட்ட வார்த்தையில் ஆரம்பித்தேன். தேவராஜ் திட்டவில்லை. முன்பெல்லாம் இந்த இடம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும் சார் என்று மட்டும் சொன்னார். அப்புறம் கதை வந்தது.

அந்த வளைவுக்கு உள்ளே தள்ளித்தான் அவருடைய ஊர். பெயர் சொல்ல மாட்டேன், கேஸ் நடக்கிறது. சில வருஷம் முன்னால் இதே ஜல்லியில் சறுக்கி ஊர்க்காரர் ஒருவருக்குக் கால் போனது. அதிலிருந்து வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்து, பெண்கள் காலையில் வளைவைப் பெருக்கினார்கள். பெருக்கிய ஜல்லியை முதலில் பள்ளத்தில் தள்ளினார்கள். அவர்கள் தெருவோ மழை வந்தால் முழங்கால் சேறு, ஆம்புலன்ஸ் உள்ளே வராது. மனு கொடுத்துக் கொடுத்துச் சலித்துப் போனவர்கள். பள்ளத்தில் கொட்டுவதைத் தெருவில் கொட்டலாமே என்று யாரோ சொல்ல, கொட்டினார்கள். தேவராஜ் தன் ஆட்டோவில் சாக்கு சாக்காக ஏற்றிப் போட்டார். ஒரு நாள் ஊரை ஒட்டிக் கல் உடைக்கும் கிரஷரின் மேனேஜர் அதை மொபைலில் படம் பிடித்தார். தேவராஜ் மேல் திருட்டு கேஸ். ரெண்டு சாக்கு ஜல்லி சாட்சிப் பொருளாக ஸ்டேஷனில் இருக்கிறது.

வண்டியை உள்ளே விடச் சொன்னேன். மலை என்று ஒன்று இருந்த இடத்தில் பாதி மலை நிற்கிறது. வெடி வைத்து வைத்து வீட்டுச் சுவரெல்லாம் விரிசல். கிணறுகளில் தண்ணீர் இல்லை, குவாரிக் குழியில் பச்சையாய்க் கிடக்கிறது, சுற்றி முள்வேலி. மெயின் ரோட்டிலிருந்து கிரஷர் கேட் வரைக்கும் வழவழவென்று தார் ரோடு. கேட்டோடு ரோடு முடிந்துவிடுகிறது. அந்தப் பக்கம் ஊர், அங்கே சேறு. சேற்றுக்கு நடுவே பத்து வீட்டு நீளத்துக்கு மட்டும் ஜல்லி பரப்பிய தெரு. அதுதான் இந்த மலையிலிருந்து இந்த ஊருக்குக் கிடைத்த மொத்தப் பங்கு. அதற்கும் ஒரு எஃப்.ஐ.ஆர்.

கமெண்ட் போட்ட புண்ணியவானே, உமக்கு இப்போது பதில் சொல்கிறேன், கேளும். செங்கல்பட்டும் காங்கோவும் ஒன்றில்லை, தெரியும். இங்கே ரேஷன் கிடைக்கிறது, பஸ் ஓடுகிறது. ஆனால் இந்தத் தெருவைப் பார்த்தபோது நான் காங்கோவில்தான் நின்றுகொண்டிருந்தேன். அங்கேயும் ரயில் சுரங்கத்திலிருந்து துறைமுகத்துக்குப் போகும், ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போகாது. நான் ஓட்டிய ஜெனரேட்டர் வேலி விளக்குக்கு வெளிச்சம் கொடுத்தது, வேலிக்கு அந்தப் பக்கம் கும்மிருட்டு. கழிவு மண்ணைக் கிளறி நாலு துண்டு தாதுக்கல் எடுத்தவனைக் காவலாள் அடித்துத் திருடன் என்பான். கல் கல்லாகவே கப்பலேறும், போனாகவும் பேட்டரியாகவும் திரும்பி வந்து பத்து மடங்கு விலை சொல்லும். குழியிலிருந்தே பணம் வந்துவிட்டால் ஆட்சியில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஜனங்கள் எதற்கு? அவர்கள் படித்தால் என்ன, படுத்தால் என்ன? அவனுக்குத் தேவை ஒரு ரோடும் ஒரு வேலியும்தான். இதில் சோம்பேறி யார் ஐயா? விடியற்காலை ரோடு பெருக்கினவளா?

திருக்கழுக்குன்றத்தில் மலை ஏறவில்லை, அடிவாரத்தில் கும்பிட்டுக் கிளம்பினோம். நீங்கள் போனால் காலையிலேயே ஏறிவிடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் சேர்த்து நாற்பது ரூபாய் டிக்கெட். கூட்டம் நெரிந்தது. வழியெல்லாம் சிற்பக் கடைகள், உளிச் சத்தம். ஒரு கடையில் முழங்கை உயரப் பிள்ளையார் என்ன விலை என்று கேட்டேன். சொன்ன விலைக்கு ஒரு லாரி ஜல்லி வாங்கலாம். குறையாகச் சொல்லவில்லை, கல்லில் கை வேலை பட்டால் காசு அந்த ஊரிலேயே நிற்கிறது, அந்தத் தெருக்களில் மாடி வீடுகளும் நிற்கின்றன. தேவராஜ் ஊரில் கல் உடைபட்டு லாரியேறிப் போய்விடுகிறது, அவ்வளவுதான்.

மதியம் மீன் சாப்பாடு, ஒருவருக்கு நூற்று எண்பது. சாப்பிட்டுவிட்டு மணலில் உட்கார்ந்திருந்தபோது தேவராஜ் தானாகவே பேசினார்.

"வக்கீல் இன்னா சொல்றாரு தெரியுமா சார்? ஒத்துக்கோ, ஃபைன கட்டு, ஒரே நாள்ல முடிஞ்சிரும்ன்றாரு. ஒத்துக்கினா திருடன்னு எழுதிடுவாங்க. அப்பால எவன் என்னை நம்பி வேன குடுப்பான்?"

ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"வாய்தா வாய்தான்னு இழுத்துகினு போவும். கேஸ் கீதுன்னா சர்ட்டிபிகேட் வராது. எப்டி பாத்தாலும் வேல பூடும்."

"அப்போ என்ன செய்யப் போறீங்க?"



"நான் திருடல சார். பெருக்குனேன்."

திரும்பி வரும்போது அஞ்சு மணி இருக்கும். வளைவில் காலையில் விழுந்த ஜல்லி அப்படியே கிடந்தது, மேலே இன்னும் ரெண்டு லாரி சிந்தியிருந்தது. கேஸுக்கு அப்புறம் பெண்கள் விளக்குமாற்றைத் தொடுவதில்லை. தேவராஜ் வண்டியை ஓரம் கட்டினார். இறங்கி, ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, செருப்புக் காலால் ஜல்லியை ஓரத்துக்குத் தள்ள ஆரம்பித்தார். கல்லைத் தொடாதே என்று வக்கீல் சொல்லியிருக்கிறாராம். ஊர்க்காரன் தன் ரோட்டில் குற்றவாளி மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. நான் ரெண்டு கையாலும் அள்ளி அள்ளி அந்தப் பள்ளத்திலேயே போட்டேன். என் மேலேயும் ஒரு கேஸ் போடட்டும்.

பயணம் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். குளிர்காலம் நல்லது, வெயிலில் ரதங்களுக்கு நடுவே நிற்க முடியாது. தண்ணீர் பாட்டில் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோவுக்கு முதலிலேயே பேசிவிடுங்கள். இப்போதும் தேவராஜ் ஸ்டேஷன் வாசலில்தான் இருக்கிறார். ஒண்ணாம் தேதி வேறு ஒருவர் அந்த வேனை எடுத்துவிட்டார், அடுத்த வாய்தா அடுத்த மாதம்.

பைக்கில் போகிறவர்கள் திருக்கழுக்குன்றத்துக்கு முன்னால் வரும் வளைவில் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். ரோடெல்லாம் ஜல்லி கிடக்கும். பெருக்கினவர்களை நாம் திருடர்களாக்கிவிட்டோம்.