அம்மா வெளியே நின்ற மதியம்

எங்கள் அப்பா வேடிக்கையான மனுஷர். கே.கே. நகரில் நாங்கள் குடியிருந்த தெருவில் அவர் கேலி செய்யாத ஆள் கிடையாது. கொரோனா வந்து ஊரை அடைத்தபோது முதலில் அதையும் கேலிதான் செய்தார். பிறகு பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவ ஆரம்பித்தார். அதற்கும் நான் சிரித்தேன். சன்னல்களைச் சாத்தி இடுக்குகளில் பழைய துணியைத் திணித்தபோதுதான் என் சிரிப்பு நின்றது. அப்பா தூங்குவதே இல்லை என்று அம்மா போனில் யாரிடமோ மெதுவாகச் சொன்னாள்.

அம்மா ஒரு கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலை பார்த்தாள். அவளுக்கு மட்டும் லீவு இல்லை. ஒருநாள் மதியம் வேலை முடிந்து மாடிப்படி ஏறி வந்தவள், வாசலில் நின்று இருமினாள். அவ்வளவுதான். கதவைத் திறக்கப் போன அப்பா தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"உள்ள வராத. நீ இருமுன. நான் கேட்டேன்."

"வெயில்ல வந்தது, தொண்ட காஞ்சு கெடக்குங்க. கதவத் தெறங்க."

அப்பா விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் கட்டிலை இழுத்து வந்து கதவுக்கு முட்டுக் கொடுத்தார். சட்டை முழுக்க வேர்வை. "பாப்பா, கிட்ட போகாத. போனா செத்துப் போவோம்" என்றார். நான் அடுப்படிக்குள் ஓடி, சிலிண்டருக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன்.

அம்மா கத்தவில்லை. அந்தப் பக்கம் படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தாள். சாப்பிட்டீங்களா, பாப்பாவுக்குத் தயிர் ஊத்துனீங்களா, மோட்டார் போட்டீங்களா என்று. "நான் எங்கயும் போகல. இங்கனதான் உக்காந்திருக்கேன். ஒங்களுக்கு எப்பத் தோணுதோ அப்பத் தெறங்க."

வெகுநேரம் கழித்து, "எனக்குப் பயமா இருக்குடி" என்று ஒரு குரல் கேட்டது. அது அப்பாவின் குரல் மாதிரியே இல்லை. கட்டில் நகரும் சத்தம் கேட்டது.

உள்ளே வந்த அம்மா மாஸ்க்கைக் கழற்றாமல், அவருக்குக் கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்தாள். அவர் அழுது முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. மறுநாள் அவரை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து, வழிமறித்த போலீஸிடமெல்லாம் விவரம் சொல்லி, மனநல டாக்டரிடம் கூட்டிப்போனாள். மாத்திரையும் டாக்டரின் பேச்சுமாகச் சில மாதங்களில் அப்பா தேறினார்.

அதெல்லாம் எனக்குப் பின்னால் விளங்கியது. கதவு திறந்த அன்று சாயங்காலம் அம்மா குளித்துவிட்டு வந்து, "வாடி" என்று என்னைக் கூப்பிட்டாள். நான் போகவில்லை. அப்பா பக்கத்தில் போய் ஒட்டிப் படுத்துக்கொண்டேன். வீட்டில் சீக்கு வந்திருப்பது அம்மாவுக்குத்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.