விழுங்கிய மூன்று பக்கங்கள்

மூன்று பக்கங்களை நான் விழுங்கிவிட்டேன். கேட்டபோது, இல்லை என்று பொய்யும் சொன்னேன். இரண்டு வருடங்களாக என் மனைவிக்குக்கூடத் தெரியாது. உங்களிடம் சொல்லக் காரணம், உங்களில் சிலர் அந்த நாவலை என் குரலில் கேட்டிருப்பீர்கள்.

கண் தெரியாதவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்யும் சிறு குழு ஒன்றில் இருக்கிறேன். சம்பளம் இல்லை, பெயர் மட்டும் உண்டு. அந்தப் பெயர்மேல் எனக்கு எவ்வளவு ஆசை... அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நாவல், வெள்ளைக்காரன் காலத்துக் கடற்கதை. வல்வெட்டித்துறையிலிருந்து பர்மாவுக்குப் போகும் பாய்க்கப்பல், அதன் தலைவனான தண்டையல், ஒரு புயல். பதினெட்டாம் அத்தியாயத்தில் ஒரு மாலுமி கடலில் விழுகிறான். அதன்பிறகு மூன்று பக்கங்களுக்கு ஒரே கயிறும் பாயும் சுக்கானும்தான். நானோ சண்டிலிப்பாய்த் தோட்டக்காரன் மகன். புகையிலையைப் பற்றிக் கேளுங்கள், மூச்சுவிடாமல் சொல்வேன். அந்தக் கயிறுகளின் பெயர்களை எப்படி உச்சரிப்பதென்று கடற்கரை ஆட்களிடம் கேட்டிருக்கலாம். சிரிப்பார்களே என்று கேட்கவில்லை.

அதோடு, மறுநாள் பக்கத்துக் கோயிலில் கொடியேற்றம். கொடியேறினால் திருவிழா முடியும்வரை ஒலிபெருக்கி ஓயாது. மானிப்பாயில் என் அறைச் சுவரில் எத்தனை போர்வை தொங்கவிட்டாலும் தவில் உள்ளே வந்துவிடும். அன்று பின்னேரத்துக்குள் முடித்தாக வேண்டும். "தண்டையல் கடலை ஒருமுறை பார்த்தான்" என்ற வரியோடு, மூன்று பக்கம் தள்ளி இருந்த "கப்பல் தெற்கே போனது" என்ற வரியை ஒட்டினேன். ஒட்டுத் தெரியவேயில்லை. என்ன திறமை எனக்கு!

ஒரு மாதம் கழித்துத் தொலைபேசி அழைப்பு வந்தது.

"தம்பி, நான் செல்வராணி, வல்வெட்டித்துறையிலை இருந்து கதைக்கிறன். அப்பாவுக்குச் சீனி வருத்தத்தாலை கண் தெரியாது. உந்தக் கதை அப்பாவின்ரை கதைதான். எழுதினவர் எங்கடை வீட்டிலை இருந்து கேட்டு, பழைய காலத்துக் கப்பலிலை வைச்சு எழுதினவர்."

அவருடைய அப்பா இளம் தண்டையலாக இருந்தபோது, கூடப்போன ஒரு பெடியனைப் புயல் கொண்டுபோய்விட்டது. பெடியனின் அக்கா மங்களம் எதிர்வீடு. என் தம்பியை விட்டுவிட்டு வந்தாய் என்று, அன்றிலிருந்து அவரோடு பேச்சில்லை. எழுத்தாளரும் காலமாகிவிட்டார். வீட்டிலிருந்த புத்தகம் போர்க்கால இடப்பெயர்வில் போய்விட்டது. ஒலிநூல் வந்திருக்கிறதென்று அறிந்ததும் கிழவர் ஆள் அனுப்பி மங்களத்தைக் கூப்பிட்டிருக்கிறார். நாற்பது வருடத்துக்குப் பிறகு மங்களம் அந்த வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து கேட்டிருக்கிறார். "கப்பல் தெற்கே போனது" என்றதும் எழுந்து போய்விட்டார். ஊற்றிவைத்த தேத்தண்ணி அப்படியே ஆறிப்போனதாம்.

"புத்தகத்திலை அப்பிடித்தான் கிடக்கோ, தம்பி? தண்டையல் திரும்பிப் போகப் பாக்கேல்லையோ?"

புத்தகம் என் மேசையில்தான் இருந்தது.

"ஓம் அக்கா. உள்ளதை உள்ளபடிதான் வாசிச்சனான்."

"அப்ப எழுதினவர்தான் மாத்திப்போட்டார் போலை" என்று போனை வைத்துவிட்டார். செத்துப்போன மனிதரின் தலையிலும் பழியைப் போட்டேன்!

அன்றுதான் அந்தப் பக்கங்களை ஒழுங்காக வாசித்தேன். மூன்று தடவை கப்பலைத் திருப்பப் பார்க்கிறான் தண்டையல். முதல் தடவை பாய் கிழிகிறது. இரண்டாம் தடவை கப்பல் சரிந்து தண்ணீர் ஏறுகிறது. மூன்றாம் தடவை, மிச்சமிருந்த பதினொரு பேரும் அவன் காலைப் பிடித்துக் கெஞ்சுகிறார்கள். எனக்கு விளங்காத கயிறும் பாயும் எல்லாம் ஓர் உயிரைக் காப்பாற்றத்தான் இழுபட்டிருக்கின்றன.

உடனே அழைத்துச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? பெயர் கெட்டுவிடும் என்றா? அவ்வளவு சின்ன ஆளா நான்? ஓம், அவ்வளவு சின்ன ஆள்தான்...

சென்ற மாதம் குழுவில் இன்னொரு கடற்கதையைத் தந்தார்கள். "கடற்கதை எண்டால் நீங்கள்தான் அண்ணை" என்றார்கள். அந்தச் சொல்லை என்னால் தாங்க முடியவில்லை. பழைய புத்தகத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கிழவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகத்தைத் திறந்தேன்.

"எனக்கேன் வாசிக்கிறீர்? எனக்குத் தெரியும். அங்காலை போய் வாசியும்."

மங்களத்தின் வாசற்படலை உள்ளே பூட்டியிருந்தது. உள்ளே கேட்கும்படி விஷயத்தைச் சொல்லிவிட்டு, வெயிலில் நின்று உரத்து வாசித்தேன். கயிறுகளின் பெயர்களில் தடக்கினேன். இரண்டு தடவை உள்ளேயிருந்து ஒரு குரல் என்னைத் திருத்தியது. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார் என்று தெரிந்ததும், திருத்திய பெயரை மறுபடி சரியாகச் சொல்லித் தொடர்ந்தேன்.

வாசித்து முடித்தேன்.

"மூண்டு தரமோ?"

"ஓம் அம்மா. மூண்டு தரம்."

படலை திறந்தது. என்னைப் பார்க்காமல் ஒழுங்கையைக் கடந்து எதிர்வீட்டுக்குள் போனார். சிறிது நேரத்தில் அங்கே இரண்டு கிழக்குரல்கள் கேட்டன. அப்பாடா... இரண்டு வருடத்தில் முதல் தடவையாக நெஞ்சு நிறைய மூச்சு விட்டேன்.

செல்வராணி வாசலுக்கு வந்தார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"ரெண்டு வருசம், தம்பி" என்றார். பிறகு, "பஸ் வாற நேரம். போயிட்டு வாங்கோ."

அந்த மூன்று பக்கங்களையும் இப்போது பதிவுசெய்து சேர்த்துவிட்டேன். எத்தனை தடவை முயன்றும் பழைய குரல் வரவில்லை. பதினெட்டாம் அத்தியாயத்தைக் கேளுங்கள். ஒட்டு நன்றாகவே தெரியும்.