சத்துக் குட்டிகள்

எங்கள் மாமா ஒரு விஞ்ஞானி. இதை அவரே சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அம்மாவின் தம்பி. திருநெல்வேலியில் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, வேலை தேடுவதற்காக மலையாளச் சீமையில், ஸ்ரீவராகத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கண்டுபிடித்தார். சீக்கிரம் புளிக்கட்டும் என்று இட்லி மாவுக்கு பாட்டரி கரண்ட் கொடுத்தார். வழுக்கையில் முடி முளைக்க அவர் தடவிய தைலத்தால் அப்பா ஒரு வாரம் மஞ்சள் தலையோடு ஆபீஸ் போய்வந்தார். அதோடு அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இன்னும் ஒரே சான்ஸ். அதுவும் ஊத்திண்டா தம்பானூர்ல பஸ் ஏத்திடுவேன். ஊருக்குப் போய் உங்க பெரியப்பா ஹோட்டல் கல்லாவுல உக்காரு."

மாமா போய்விட்டால் அந்த வீட்டில் வாய்ப்பாட்டைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

கடைசி சான்ஸ், ஒரு டானிக். முருங்கைக்கீரை, முளைகட்டின கேழ்வரகு, கருப்பட்டி, இன்னும் அவர் சொல்ல மறுத்த ஏதோ ஒன்று. குடித்தால் உதடு பச்சையாகிவிடும், தேய்த்துக் கழுவினாலும் போகாது. பங்குனி உற்சவத்துக்குக் கோயிலைச் சுற்றிய கோட்டைக்குள் கடைகள் போட்டபோது மாமாவும் ஒரு மேஜை போட்டார். விளம்பரம் நாங்கள்தான்: நான், தங்கை, தம்பி. பச்சை உதட்டோடு பெஞ்சில் உட்கார்த்திவைத்து, "ஆடப்படாது, அசையப்படாது, கம்பீரமா இருக்கணும்" என்றார். எங்கள் முதுகுக்குப் பின்னால் போர்டு மாட்டினார். அப்போதுதான் எழுத்துக்கூட்டி மலையாளம் கற்றுக்கொண்டிருந்தார். 'சத்துக் குட்டிகள்' என்று மலையாளத்தில் தன் கையாலேயே எழுதியிருந்தார்; குட்டி என்றால் அங்கே குழந்தை.

நம்முடைய ஒரு 'ச'வுக்கு மலையாளத்தில் இரண்டு எழுத்து. ஒன்றைப் போட்டால் சத்து. மாமா மற்றதைப் போட்டிருந்தார். அதைப் போட்டால் செத்துப்போச்சு என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்த நாங்களோ போர்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கம்பீரமாக இருந்தோம்.

முதலில் ஒரு மலையாளத்துச் சேச்சி நின்று நெஞ்சில் கைவைத்தாள். பிறகு கூட்டமான கூட்டம். எனக்கு ஒரே பெருமை.

"அய்யோ கஷ்டம், மூணும் போயோ?" என்றாள் சேச்சி.

மாமாவுக்குப் புரிந்தது 'மூணும்' மட்டும்தான். வாயெல்லாம் பல். "ஆமா, மூணும் எங்காத்துக் கொழந்தேள்தான். எல்லாம் இந்த டானிக் குடிச்சதுதான்."

கூட்டம் பின்வாங்கியது. போலீஸைக் கூப்பிட வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். அந்த நேரம் பார்த்துத் தங்கைக்குத் தும்மல் வந்தது.

கோட்டையே அலறியது. நான் திரும்பிப் போர்டை வாசித்தேன். சிரிப்பில் பெஞ்சிலிருந்து விழுந்தேன். ஒரு பெரியவர் போர்டையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார், அவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

"சத்த பிள்ளேரு எழுந்நேற்றல்லோ. எனிக்கும் ஒரு குப்பி தா, சுவாமி."

செத்த பிள்ளைகளையே எழுப்பிவிட்ட டானிக்காம்! அதன்பிறகு தள்ளுமுள்ளுதான். மேஜையில் ஒரு குப்பிகூட மிஞ்சவில்லை. நாங்கள் மூவரும் பிரேதங்களுக்கே உரிய மரியாதையோடு வழியனுப்பப்பட்டோம்.

மாமாவிடம் அர்த்தத்தைச் சொல்ல எங்களுக்கு மனசு வரவில்லை. அவர் போர்டைத் தோளில் சுமந்துகொண்டு வெற்றிவீரராக வீடு திரும்பினார். வாசலில் நின்ற அப்பா அதை வாசித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்துவிட்டு, அர்த்தத்தைச் சொன்னார்.

மாமாவின் முகம் சுண்டிவிட்டது. "அப்போ டானிக்குக்காக யாரும் வாங்கலையா, அத்திம்பேர்?" என்றார்.

அப்பா சிரிப்பை நிறுத்தினார். போர்டை அவர் தோளிலிருந்து தானே இறக்கிச் சுவரில் சாய்த்தார்.

"கொழந்தேளைச் சாகடிச்சுப் பொழைச்சவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான்டா. பஸ்ஸு கெடக்கட்டும். கை கால் அலம்பிண்டு சாப்பிட வா."