சிறுத்தைக்குப் பிடித்த வாசனை

தாராவியில் ஒரு தோல் மண்டியில் எனக்கு வேலை. உப்புப் போட்டு வரும் ஆட்டுத்தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்க வேண்டும். எவ்வளவு சோப்புத் தேய்த்தாலும் அந்த வாசனை உடம்பை விட்டுப் போகாது. ரயிலில் மூன்றாம் வகுப்பு எத்தனை நெரிசலாக இருந்தாலும் எனக்கு மட்டும் உட்கார இடம் கிடைத்துவிடும். இதை ஒரு சௌகரியமாகத்தான் நினைத்திருந்தேன், போரிவிலிக் காட்டுக்குப் போகும் வரை.

கூட்டிப்போனவர் என் மனைவியின் அண்ணன். மாட்டுங்காவில் ஆபீஸ் உத்தியோகம். மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும் அவருடைய ஆபீஸ்காரர்களுமாக எட்டுப் பேர் மரம் செடி பார்க்கக் கிளம்பினார்கள், ஒன்பதாவதாக நான். வழிகாட்டி, ஓய்வு பெற்ற மராட்டிய வாத்தியார். தேக்கு, மூங்கில், முருக்கு என்று அவர் காட்டக் காட்ட, "இதெல்லாம் எங்க ஊர்ல அடுப்பெரிக்கதுக்கு" என்று அலட்சியமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஓடைக்கரைச் சேற்றில் அவர் ஒரு தடத்தைக் காட்டினார். சிறுத்தை, இன்று காலையில்தான் தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருக்கிறதாம். "டரோ மத்" என்று எங்களுக்குத் தைரியம் சொன்னார். மனிதர்களை அது தொடாதாம். அதற்கு வேண்டியதெல்லாம் ஆடும் நாயும்தானாம்.

நான் மெல்ல என் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தேன்.

"என்னவே, கைய மோந்து பாக்கீரு?" என்றார் மச்சான்.

"சும்மாதான் மச்சான்."

"என்ன சும்மா! பத்து ஆடு சேந்து வந்தாலும் இந்த மணம் வராது. மாப்ள, நீரு கொஞ்சம் தள்ளியே வாரும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே ஒற்றையடிப் பாதையில் நடுவில் இடம் பிடித்தேன். ஒருவர் செருப்பைச் சரிசெய்வது போல நின்று என்னை முந்தினார். இன்னொருவர் பூவைக் காட்டிவிட்டு முந்தினார். பார்த்தால் நான் கடைசி ஆள்.

அப்போது புதருக்குள் சரசரப்பு. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பினேன். நாய்! காட்டோரக் குடிசைகளில் வளர்வது போலிருக்கிறது. என் கால்சட்டையை முகர்ந்தது, வாலை ஆட்டியது, கூடவே நடந்தது. 'சூ' என்று விரட்டினால் கையை நக்கியது. ஆடும் நாயும் ஒரே இலையில் பரிமாறியாகிவிட்டது. சாப்பிடுகிறவர் வர வேண்டியதுதான் பாக்கி.

முன்னால் போன மாட்டுங்காக்காரர் ஒருவர் மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "சார், தப்பா நெனச்சுக்காதீங்கோ. அந்த நாயை அழைச்சுண்டு ஒரு அம்பதடி பின்னாடியே வாங்கோளேன்."

நான் பதில் சொல்வதற்குள் நாய் நின்றது. காது விறைத்தது. வால் பின்னங்கால்களுக்கிடையில் போனது. வந்த வழியே பறந்தது. அது எதைப் பார்த்தது என்று விசாரிக்க நான் நிற்கவில்லை. அதன் பின்னாலேயே ஓடினேன். பாதி வழியில் அதை முந்தியும் விட்டேன். ஆபத்தில் சாமி பெயர் வரும் என்பார்கள். என் வாயில் வந்ததோ "டிக்கெட்! டிக்கெட்!" என்ற கூச்சல். ஏன் என்று இன்றுவரை எனக்கே புரியவில்லை.

காட்டு வாசலில் டீக்கடைப் பெஞ்சில் விழுந்து கிடந்தேன். கால் மணி கழித்து மற்றவர்கள் வந்தார்கள். ஒருவருக்கும் மூச்சு சரியாக இல்லை.

"பாத்துட்டோம்லா!" என்றார் மச்சான். "பாறை மேல படுத்துக் கெடந்துச்சு. எங்களப் பாத்து ஒரு கொட்டாவி விட்டுச்சு, அம்புட்டுதான். நீருதான் குடுத்துவைக்கல."

மற்றவர்கள் தலையாட்டிவிட்டு அவசரமாக டீயில் பன்னை நனைத்தார்கள். வாத்தியார் மட்டும் வெகு நேரம் கழித்து, தனியாக, நிதானமாக நடந்து வந்தார்.

ரயிலில் எனக்கு ஒரே கவலை. நான் ஓடிய கதையை மச்சான் என் மனைவியிடம் சொன்னால் ஆயுசுக்கும் தலை நிமிர முடியாது. வீட்டில் நுழைந்ததுமே அவள் கேட்டாள்: "ஏங்க, சிறுத்தையப் பாத்தீங்களா?"

"பாத்தேன். பாறை மேல படுத்திருந்துச்சு. மீசை இம்புட்டு நீளம்" என்று கைகளை விரித்தேன். விரித்த பிறகுதான் கூடவே வந்த மச்சான் பக்கத்தில் நிற்பது உறைத்தது. போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஆமா தங்கச்சி," என்றார் அவர், "மாப்ளதான் மொதல்ல பாத்தாரு."

கண்ணைத் திறந்தேன். என்னைக் கேலி செய்யக் கிடைத்த இப்படி ஒரு வாய்ப்பை நழுவவிடுகிற ஆளா இவர்? அவருடைய வெள்ளைக் கால்சட்டையைப் பார்த்தேன். இடுப்பு வரை சேறு தெறித்திருந்தது. நடந்து வந்தவனுக்கு அவ்வளவு உயரம் தெறிக்காது.

"வால் நுனி கறுப்பு, இல்லையா மச்சான்?" என்றேன்.

"கன்னங்கரேல்னு இருந்துச்சே மாப்ள!" என்றார்.