வெள்ளைப் போர்வைக்குள் அத்தா

உங்கள் வீட்டுக் கூடத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கும்போதே, நீங்கள் இங்கே இல்லை என்று ஒரு இயந்திரம் அடித்துச் சொன்னால் எதைக் காட்டி மறுப்பீர்கள்?

லெப்பைக்குடிக்காட்டு ஜபருல்லாவிடம் காட்டுவதற்கு எல்லாமே இருந்தது. எதுவும் செல்லுபடியாகவில்லை.

சவூதியில் தம்மாம் நகரத்தில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தவர். மகள் மர்ஜியா பிறந்தபோதும் நடை பழகியபோதும் அங்கேதான் இருந்தார். அவளுக்கு விவரம் தெரிந்ததும் ஒரு கம்ப்யூட்டர் கேம் வாங்கினார். தனக்கு அங்கே ஒரு பிரதி, அவளுக்கு இங்கே ஒன்று. இரண்டுக்கும் முழுக் காசு. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் இருவரும் அதற்குள் சந்திப்பார்கள். ஆற்றோரம் வீடு கட்டினார்கள், பூசணி போட்டார்கள், கோழி வளர்த்தார்கள். மர்ஜியாவுக்கு அத்தா என்றால் நீலச் சட்டை போட்ட அந்தச் சின்ன உருவம்தான். பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதனிடம்தான் சொல்வாள்.

போன வருஷம் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பினார். கம்பெனி தந்த செல்போன் நம்பரைத் திருப்பிக் கொடுத்தார், பழைய கம்ப்யூட்டரை விற்றார். அரியலூர் ஸ்டேஷனில் இறங்கியபோது ஏழு வயது மர்ஜியா தாய் ரஷீதாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"அத்தாகிட்ட பேசுடி" என்றாள் ரஷீதா.

"வெக்கமா இருக்கு. கேம்ல வரச் சொல்லு, பேசுறேன்."

மூவரும் சிரித்தார்கள். ஜபருல்லா மறுநாளே பெரம்பலூர் போய் லேப்டாப் வாங்கி வந்து கேமைத் திறந்தார். இந்தப் பிரதி விற்கப்பட்ட நாட்டில் நீங்கள் இல்லை என்றது திரை. இது உங்கள் கம்ப்யூட்டரும் இல்லை. வாங்கியவர் நீங்கள்தான் என்றால், பதிவு செய்த செல்போனுக்கு வந்திருக்கும் ஓ.டி.பி.யைப் போடுங்கள். திருட்டுப் பிரதியைத் தடுக்கப் போட்ட பூட்டாம். ரசீதையும் பாஸ்போர்ட்டையும் அனுப்பிப் பார்த்தார். ஓ.டி.பி.யைப் போடுங்கள் என்றே பதில் வந்தது.

அந்த கேமில் ஆட வராதவரின் உருவம் விட்ட இடத்திலேயே படுத்துத் தூங்கும். மர்ஜியாவின் திரையில் நீலச் சட்டை ஆற்றோர வீட்டுத் தரையில் கிடந்தது. அந்த உருவங்களுக்கு இமை கிடையாது. கண் திறந்தபடியே தூங்கும். அவள் தினமும் பக்கத்தில் ஒரு பூசணியை வைத்துவிட்டு வந்தாள். ஒரு நண்பகல், ஜபருல்லா அவள் பின்னால் நின்று பார்த்தார். நீலச் சட்டை உருவத்துக்குத் தலைமுதல் கால்வரை வெள்ளைத் துணி போர்த்தியிருந்தாள்.

"ஏம்மா இப்படி மூடி வெச்சிருக்கே?"

"குளிருமுல்ல."

எட்டிப் பார்த்த ரஷீதா, "யா அல்லாஹ், மையத்துக்குச் சுத்துற கபன் துணி மாதிரில்ல இருக்கு, செத்தவங்களுக்குப் போத்துற மாதிரி! எடுடி அத" என்று கத்தினாள். மர்ஜியா எடுக்கவில்லை.

ஜபருல்லா பெரம்பலூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பூவரசனிடம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவன் ஒரு கள்ளப் பிரதியை ஏற்றித் தந்தான். எந்தக் கேள்வியும் கேட்காமல் திறந்தது.

"பாய், காசு குடுத்து வாங்கினீங்க பாருங்க, அதான் நீங்க பண்ண தப்பு. பூட்டெல்லாம் உங்கள மாதிரி ஆளுக்குத்தான். திருடனுக்குத் தெறந்த வூடு!"

திறந்ததில் ஆறு இருந்தது. கரையில் வீடு இல்லை. கோழி இல்லை, மர்ஜியா இல்லை. வெறும் புல்வெளியில் காற்று மட்டும் வீசிக்கொண்டிருந்தது.

கடைசியாகத் தன் பழைய நம்பருக்கே போன் போட்டார். யாரோ எடுத்தார்கள். மெசேஜில் வரும் ஓ.டி.பி.யைச் சொல்லுங்கள் என்று கேமின் பெயரையும் சொல்லி, தெரிந்த அரபியிலும் இந்தியிலும் கெஞ்சினார். மறுமுனையில் மூச்சு கேட்டது. பிறகு மூக்கால் இழுத்து இழுத்து ஒரு சிரிப்பு. அழைப்பு துண்டானது.

அடுத்த வெள்ளி. சாப்பாடு முடிந்து தெருவே ஓய்ந்திருந்தது. பாதி வீடுகளில் ஆண்கள் கடல் தாண்டி இருக்கும் தெரு அது.

"அத்தா எந்திரிச்சிட்டாங்க!"

மர்ஜியாவின் குரல் கேட்டு ஜபருல்லா தண்ணீர் டம்ளரோடு வந்து அவள் பின்னால் நின்றார். அவருடைய லேப்டாப் அலமாரியில் மூடிக் கிடந்தது. திரையில் வெள்ளைத் துணி சரிந்தது. நீலச் சட்டை எழுந்து நின்றது. வீட்டைச் சுற்றி நடந்தது, பெட்டிகளைத் திறந்தது, கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பைக்குள் போட்டது. பிறகு மர்ஜியாவின் உருவத்துக்கு நேரே வந்து நின்றது.

"அத்தா?" என்றாள்.

ஹெட்போனுக்கு வெளியிலும் கேட்டது. மூக்கால் இழுத்து இழுத்து, அதே சிரிப்பு.

மர்ஜியா ஹெட்போனைக் கழற்றினாள். மெல்லத் திரும்பி, டம்ளரோடு நிற்கும் மனிதரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப நீங்க யாரு?"

பேயுமில்லை, பிசாசுமில்லை. கைவிட்ட நம்பர் வேறொருவனிடம் போயிருக்கிறது. அவன் சரியான நாட்டில் இருக்கிறான், ஓ.டி.பி.யும் அவனுக்கே வருகிறது. பூட்டு அவனை உரிமையாளர் என்று நம்பிவிட்டது. காசு கொடுத்தவரை வாசலில் நிறுத்தி, முகம் தெரியாதவனுக்கு அவர் சட்டையை மாட்டி அவர் பிள்ளையிடம் அனுப்பிய அந்தப் பூட்டை எந்த ஆவியும் செய்யவில்லை. சம்பளம் வாங்கும் மனிதர்கள் செய்தார்கள். அதனால் அவர்களைக் கேள்வி கேட்க முடியும்.

ஜபருல்லா நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டிருக்கிறார். "கேமுக்கெல்லாமா கேஸு?" என்று ஊரே சிரிக்கிறது. முழுக் காசு கொடுத்தும் உங்களுக்குத் திறக்காத ஏதோ ஒன்று உங்கள் வீட்டிலும் கிடக்கும். அதை எடுத்துக்கொண்டு நீங்களும் ஒரு மனுப் போடுங்கள். அவரைத் தனியாக நிற்க விடாதீர்கள்.