வேனுக்குப் பற்றரி தேடிய செவ்வாய்க்கிழமை

கடந்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் கீழிருந்து வேனை எடுத்தேன். வெள்ளிக்கிழமை விடிய நானும் மனைவி வதனியும் திருகோணமலைக்குப் புறப்பட வேண்டும். வேனின் பின்பக்கத்தில் கட்டில், மின்விசிறி, பழைய சிறிய பிரிட்ஜ் எல்லாம் நானே பூட்டியவை. எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது என்பது இந்த வலைப்பூவைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். இல்லாதது நம்பக்கூடிய ஒரு பற்றரி மட்டும்தான்.

வதனி தினமும் இன்சுலின் போடுகிறவள். அந்தப் பிரிட்ஜ் அவளுடைய இன்சுலினுக்காகத்தான். முந்திய பயணத்தில் மன்னாரில் இரண்டாம் நாள் மத்தியானம் பிரிட்ஜிலிருந்து புதிய இன்சுலின் பேனா ஒன்றை எடுத்துப் போட்டாள். நாலு மணிக்கு இரத்தத்தில் சீனி 380. இன்னொரு முறை போட்டும் இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். திரும்பி வந்து பிரிட்ஜைத் திறந்தால் சத்தமே இல்லை, உள்ளே சூடு. மின்வெட்டுக் காலத்தில் வீட்டுக்கு வாங்கிய பழைய பற்றரியைத்தான் வேனில் வைத்திருந்தேன், அது செத்துப் போயிருந்தது. "இன்னொருக்கா இப்பிடி நடந்தா நான் ரெயில்லதான் வருவன். நீங்க உங்கட வேனோட வாங்கோ" என்றாள் வதனி. சொன்னால் செய்கிற ஆள்.

முதலில் பாமன்கடை. ஒன்றரைக் கிலோமீற்றருக்கு இருபது நிமிடம். அங்கிருந்த கடையில் வாகனம் ஸ்டார்ட் பண்ணுகிற பற்றரிகள்தான் இருந்தன. அவை ஒரு நொடியில் பெரிய உதை கொடுக்கச் செய்தவை. பிரிட்ஜுக்கு வேண்டியது மணிக்கணக்காக மெல்ல மெல்லக் கொடுக்கிற, ஆழமாக இறக்கி ஏற்றக்கூடிய சாதி. விலை பாதி என்று ஆசைப்பட்டு முன்னதை வாங்கிவிடாதீர்கள், சில மாதத்தில் போய்விடும்.

அடுத்தது மருதானை, ஏழு கிலோமீற்றர், ஐம்பத்தைந்து நிமிடம். ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கடையில் 200 அம்பியர் மணி லிதியம் ஒன்று, இரண்டு இலட்சத்து எண்பத்தையாயிரம் ரூபாய். "லொக்கு எக கன்ன, மாத்தயா" என்றார் கடைக்காரர் சிங்களத்தில். பெரியதை எடுக்கச் சொல்கிறார். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. பெரிதாக இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாமே. வங்கி அட்டையைக் கையில் எடுத்தும் விட்டேன். இருக்கைக்குக் கீழே உள்ள பெட்டியை அளந்தால் இரண்டு அங்குலம் போதவில்லை. அந்த இரண்டு அங்குலத்துக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

கொட்டாஞ்சேனையில் சேவியர் என்று ஒருவர் பற்றரிக் கடை வைத்திருப்பதாக நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். மூன்று கிலோமீற்றர்தான், ஆனால் செவ்வாய்க்கிழமை. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு ஊரே வருகிற நாளில் அந்தப் பக்கம் வேனைத் திருப்பிய என் புத்தியை என்னவென்று சொல்ல! ஒரு மணி நேரம் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். கடைக்குப் போய்ச் சேர ஒன்றே கால்.

சேவியர் இருபத்திரண்டு வருடம் துறைமுகத்தில் குளிர்கொள்கலன்களைப் பார்த்துக்கொண்டவர். வேனுக்குள் ஏறியதும் பற்றரிப் பெட்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே பிரிட்ஜைத் திறந்தார்.

"இத எத்தனாம் நம்பர்ல வச்சி ஓட்றீங்க, சேர்?"

"ஏழில. கடைசி நம்பர்."

"ஏன் ஏழு?"

"ஓடேக்க நல்லாக் குளிர ஏத்தி வச்சா, பிறகு கரண்ட் இல்லாட்டியும் நிக்குமெல்லோ, அண்ணை."

அவர் சிரித்தார். "கரண்ட் கட் காலத்துப் பழக்கம். எங்க வீட்லயும் அப்டித்தான், கரண்ட் போகப் போகுதுன்னா ஓடிப்போய்ப் பிரிட்ஜைக் கூட்டிருவாங்க. ஆனா ஏழுல வச்சா இது நிக்காம ஓடுமே! மணிக்கு நாலு அம்பியர், நாளைக்கு தொண்ணூத்தாறு. எந்தப் பற்றரி தாங்கும்? உள்ள என்ன வைக்கிறீங்க? மீனா?"

"மனுசியின்ர இன்சுலின்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "தண்ணிப் போத்தல் வச்சிருந்தீங்களா? உறைஞ்சிச்சா?"

மன்னாருக்குப் போகிற வழியில் புத்தளத்தில் தேநீருக்கு நிறுத்தியபோது அந்தப் போத்தலை எடுத்து, ஐஸ் கட்டியே விட்டது பார் என்று வதனிக்குப் பெருமையாகக் காட்டியது எனக்கு ஞாபகம் வந்தது.

"அப்ப மருந்தும் உறைஞ்சிருக்கும், சேர். உறைஞ்சா அது சரிவராது. போர்ட்ல மருந்துக் கொண்டெய்னர் வந்தா, சூடாகிறதுக்கு எவ்ளோ பயமோ, உறையிறதுக்கும் அவ்ளோ பயப்படுவோம்."

வதனியை ஆஸ்பத்திரிக் கட்டிலில் போட்டது பற்றரி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பற்றரி சாவதற்கு முதலே நான் அந்த மருந்தைக் கெடுத்திருந்தேன். மருதானைப் பற்றரியை வாங்கியிருந்தால் இன்னும் இரண்டு நாள் கூடுதலாக உறைய வைத்திருப்பேன்.

சேவியர் ஒரு கடதாசியை நீட்டி, ஒரு நாளில் எது எது எத்தனை மணி நேரம் ஓடும் என்று என்னையே எழுத வைத்தார். பிரிட்ஜை ஐந்து பாகையில் வைத்தால் மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் ஓடும். அதற்கு 32 அம்பியர் மணி, விசிறிக்கும் விளக்குக்கும் 10. பிறகு, எத்தனை நாள் வேன் ஒரே இடத்தில் நிற்கும் என்று கேட்டார். இரண்டு நாள் என்றேன், அதற்கு 84. ஈயப் பற்றரியில் பாதியைத்தான் எடுக்கலாம், லிதியத்தில் பெரும்பகுதியையும் எடுக்கலாம். ஆகவே 100 அம்பியர் மணி லிதியம், ஒரு இலட்சத்து நாற்பத்தையாயிரம். ஓடும்போது என்ஜினிலிருந்து அளவாக ஏற்ற 20 அம்பியர் சார்ஜர் முப்பத்தெட்டாயிரம். வயர், பற்றரிக்குப் பக்கத்திலேயே பியூஸ், பூட்டுக்கூலி எல்லாம் ஒன்பதாயிரம். நாலரைக்கு வேலை முடிந்தது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லாமல் விடலாமா என்று யோசித்தேன். வெட்கக்கேடு, ஆனால் உண்மை. ஆறு மணிக்கு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்ற முதலே சொல்லிவிட்டேன். வதனி கீழே இறங்கி வந்து பிரிட்ஜுக்குள் ஒரு வெப்பமானியை வைத்தாள். குளிரைக் கூட்டிக் குறைக்கிற குமிழை மெல்ல மெல்லத் திருப்பினாள். முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றாள், நான் அங்குமிங்கும் நடந்தேன். ஐந்து பாகை வந்து நின்றதும் அந்தக் குமிழை அப்படியே பிடுங்கித் தன் கைப்பைக்குள் போட்டாள்.

"பற்றரியை நீங்க பாருங்கோ. இதை நான் பாக்கிறன்."

வெள்ளி காலை ஐந்தரைக்குப் புறப்பட்டு, 265 கிலோமீற்றர் ஓடி, பகல் ஒன்றுக்குத் திருகோணமலை. சனி மாலை ஆறு மணிவரை என்ஜினைத் தொடவில்லை. பற்றரியில் 46 விழுக்காடு மிச்சம், பிரிட்ஜில் ஐந்து பாகை, வதனியின் சீனி 142. மீற்றரை நான் நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். அவள் கடலில் நின்றாள்.

பற்றரி வாங்கப் போகிறவர்களுக்கு: கடைக்குப் போகமுதல் ஒரு நாள் பாவனையை எழுதிப் பாருங்கள், பெட்டியை அளந்துகொண்டு போங்கள், கொட்டாஞ்சேனைக்குச் செவ்வாயில் போகாதீர்கள். மருந்து கொண்டுபோகிறவர்கள் பிரிட்ஜுக்குள் வெப்பமானி வையுங்கள், மேலதிக மருந்தை வேறு குளிர்ப்பையில் வையுங்கள். உறைந்தது என்ற சந்தேகம் வந்தாலே எறிந்துவிடுங்கள்.

போன கிழமை, பிரிட்ஜைத் துடைக்க வேண்டும், குமிழைத் தா என்று கேட்டேன். குமிழ் இல்லாமலே துடைக்கலாம் என்றாள். ரெயிலைப் பற்றி மட்டும் பிறகு அவள் கதைக்கவில்லை.