மூட்டைக்காரனின் மீசை

எங்கள் வார இதழின் ஓவியர் முப்பது வருடமாக இளவரசர்களை வரைகிறார். அதில் முதுகு கூனியதுதான் மிச்சம். ஆளை நிற்க வைத்து வரைய வசதியில்லை. இளவரசன் வேண்டுமென்றால் அலமாரிக் கண்ணாடி முன் நின்று தன்னையே வரைவார், தொப்பையை மட்டும் தணிக்கை செய்து. மற்ற எல்லாரும் அவர் மனைவி, எங்கள் அண்ணிதான். அரக்கனின் கை, அண்ணி துடைப்பம் பிடித்த கை. மந்திரவாதியின் அங்கி, அண்ணி போர்த்திய படுக்கை விரிப்பு. என் மாயாஜாலத் தொடரில் இளவரசனுக்காக மலை மலையாக மூட்டை சுமக்கும் தோழனும் அண்ணியேதான். மீசை மட்டும் ஓவியரின் கைங்கரியம்.

வண்ணப் பக்கம் திங்களன்றே அச்சேறிவிடும். என் அத்தியாயத்துக்கு வியாழன் வரை நேரம். ஆகவே ஞாயிறன்று போனில் இரண்டு வரி சொல்வேன். அவர் வரைவார். பிறகு படத்துக்கு ஏற்றபடி நான் எழுதுவேன்.

நாற்பதாவது வாரம்.

"அண்ணே, மூட்டைக்காரன் செத்துடறான். மடியில தலை. வாசகர்கள் கதறணும்."

"அவன் எதுக்குச் சாகணும்?"

"தோழன் செத்தாத்தான் நாயகனுக்கு வீரம் வரும்ணே."

"மூட்டை தூக்கினது அவன், பாலம் கட்டினது அவன். உங்க இளவரசன் என்ன கிழிச்சான்? நெஞ்சுல கைய வச்சுப் பெருமூச்சு விட்டான். அதுவும் நான் விட்டது!"

போனை அண்ணி பிடுங்கிக்கொண்டார். "தம்பி, என்னைக் கொல்லப் போறீங்களாமே? நாப்பது வாரமா முதுகுல தலகாணியக் கட்டிட்டு ஓரமா நிக்கிறேன். ஒரு வாரமாவது நடுவுல நின்னுட்டுச் சாகறேனே!"

நான் இரங்கவில்லை. கண்ணீர்தானே என் பிழைப்பு. "மடியில தலை" என்று மறுபடி சொல்லி போனை வைத்தேன்.

செவ்வாயன்று அச்சான பக்கம் வந்தது. மடியில் தலை இருந்தது. இளவரசனின் தலை! மல்லாந்து கிடந்தான், தணிக்கை மறந்துபோன தொப்பையோடு. மடி மூட்டைக்காரனுடையது. அவன் கையில் இளவரசனின் வாள். மூட்டை முதன்முறையாகத் தரையில்.

"என்னண்ணே பண்ணிட்டீங்க!" என்று போனில் அலறினேன்.

"அவளப் படுக்க வச்சேன் தம்பி. கண்ண மூடினா. கை ஓடல. எழுப்பி உக்கார வச்சு நான் படுத்துட்டேன்."

நான் எத்தனையோ தாய்மார்களை அழவைத்தவன். அன்று எனக்கே கைக்குட்டை தேவைப்பட்டது.

அச்சானதை அழிக்க முடியாது. இளவரசனை மயக்கத்தில் போட்டேன். மூட்டைக்காரன் வாளோடு மலையேறினான், அங்கிருந்த பூதத்தின் கொட்டத்தை அடக்கினான். சாக்கு நிறைய வாசகர் கடிதங்கள், அத்தனையும் அவனுக்கு. பதினோரு வாரமாக மயங்கிக் கிடந்த இளவரசனை விசாரித்தது ஒரே ஒருவர்தான்.

"தம்பி, அவர் எப்ப எழுந்திருப்பார்?"

"இந்த வாரமே எழுப்பிடவா அண்ணி?"

"அய்யய்யோ, வேண்டாம். இப்பத்தான் மூட்டைய இறக்கி வச்சிருக்கேன்." போனை வைக்குமுன் சொன்னார்: "ஆனா உசிர மட்டும் எடுத்துடாதீங்க."